விளாத்தி மரம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருநெல்வேலிச் சீமையில் விளாத்தி என்று வழங்கும் விளா மரத்தைப் பற்றி, பழம் வாங்க வருபவர்களும், வேலியோரம் தானாக முளைத்த கன்றைக் காட்டி இதை விட்டுவைக்கலாமா என்று கேட்கும் நிலக்காரர்களும், பிள்ளைகளின் பாடத்துக்காக விவரம் தேடும் பெற்றோரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். மாமரத்துக்கும் தென்னைக்கும் நட்டவர் ஒருவர் இருப்பார். விளாத்திக்கு அப்படி யாரும் இல்லாததால், அதை வெட்டும்போது ஏன் என்று கேட்கவும் ஆள் இல்லாமல் போய்விடுகிறது. அந்தக் குறை சிறிதாவது தீர வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

விளா, விளவு, விளாத்தி எல்லாம் ஒரே மரம்தானா?

ஒரே மரம்தான். பழந்தமிழில் விளவு என்றும் வெள்ளில் என்றும், வடமொழியில் கபித்தம் என்றும் சொல்லப்படுவது இதுவே. தாவரவியலார் இதற்கு இட்டிருக்கும் பெயர் லிமோனியா அசிடிசிமா. அசிடிசிமா என்ற லத்தீன் சொல்லுக்கு மிகவும் புளித்தது என்று பொருள். ஒரு காயைக் கடித்துப் பார்த்தவர் யாரும் அந்தப் பெயரை மறுக்க மாட்டார். லிமோனியா என்ற பேரினத்தில் இந்த ஒரே ஒரு இனம்தான் உண்டு. பழைய தாவர நூல்களில் ஃபெரோனியா எலிபாண்டம் என்று, யானையின் பெயரைச் சேர்த்து எழுதியிருப்பார்கள். அதுவும் இதே மரம்தான். இந்தியாவும் இலங்கையும் இதன் தாய்மண். எலுமிச்சை, நாரத்தை, வில்வம், கறிவேப்பிலை ஆகியவை எல்லாம் இதன் குடும்பத்தைச் சேர்ந்தவை.

நம் பக்கத்தில் மரத்தை விளாத்தி என்றும், பிஞ்சையும் காயையும் விளாங்காய் என்றும், பழத்தை விளாம்பழம் என்றும் சொல்கிறோம். அந்த விளாத்தியின் பெயரிலேயே விளாத்திகுளம் இருக்கிறது. 1986 அக்டோபர் 20 அன்று தூத்துக்குடி தனி மாவட்டமாகப் பிரியும் வரை அந்த ஊரும் திருநெல்வேலி மாவட்டத்தில்தான் இருந்தது. இசையுலகம் விளாத்திகுளம் சுவாமிகள் என்று நினைவில் வைத்திருக்கும் நல்லப்ப சுவாமிகளின் பெயரோடும் அந்த மரத்தின் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

வில்வமும் விளாவும் ஒன்றுதானே?

இல்லை. மிக அதிகமாக நேரும் குழப்பம் இதுதான். இரண்டுமே முள்ளுள்ள மரங்கள். இரண்டின் பழத்துக்கும் கட்டையான ஓடு உண்டு. போதாக்குறைக்கு ஆங்கிலத்தில் ஒரே பெயரை இரண்டுக்கும் வைத்து எழுதுபவர்கள் இருக்கிறார்கள். அதனால்தான் இணையத்தில் வில்வத்தின் மருத்துவக் குணங்களை விளாவின் படத்தோடு சேர்த்துப் போட்டிருப்பதைப் பார்க்கிறோம்.

இலையைப் பார்த்தால் ஐயம் தீர்ந்துவிடும். வில்வத்தில் ஒரு காம்பில் மூன்று இலைகள், சூலத்தைப் போல நிற்கும். சிவன் கோயிலுக்கு அதைத்தான் கொண்டுபோகிறோம். விளாவில் ஒரு காம்பில் ஐந்து அல்லது ஏழு சிற்றிலைகள், இரண்டிரண்டாக எதிரெதிரே அமைந்து நுனியில் ஒன்று தனியாக நிற்கும். சிற்றிலை ஒவ்வொன்றும் ஏறத்தாழ 3 சென்டிமீட்டர்தான் இருக்கும். பழத்தில் இன்னும் எளிது. வில்வப்பழத்தின் ஓடு வழவழப்பாக, பழுக்கப் பழுக்க மஞ்சளாக மாறும்; உள்ளே சுளை சுளையாகப் பிரிந்து, பிசுபிசுப்பான பசைக்குள் விதைகள் கிடக்கும்; சதை மஞ்சளாகவோ ஆரஞ்சாகவோ இருக்கும். விளாம்பழத்தின் ஓடு சாம்பல் பூத்த வெள்ளையாகச் சொரசொரவென்று இருக்கும். உள்ளே பிரிவு எதுவும் இல்லாமல் பழுப்புச் சதை முழுவதும் விதைகள் விரவிக் கிடக்கும்.

காட்டில் நிற்கும் மரத்தை எப்படி அடையாளம் காண்பது?

பொதுவாக 9 மீட்டர் அளவுக்கு நிமிர்ந்து வளரும். பட்டை வெடிப்புகளோடு கரடுமுரடாக இருக்கும். சிறு கிளைகளில் 2 முதல் 5 சென்டிமீட்டர் நீளமுள்ள நேரான முட்கள் இருக்கும். இலையை வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தால் ஊசியால் குத்தியது போன்ற நுண்ணிய புள்ளிகள் தெரியும். எலுமிச்சை இலையிலும் இதையே காணலாம், எண்ணெய்ச் சுரப்பிகள்தாம் அவை. அந்த இலையைக் கசக்கி முகர்ந்தால் எலுமிச்சையும் பெருஞ்சீரகமும் கலந்தது போன்ற மணம் வரும். அந்த மணத்தை ஒரு முறை அறிந்துகொண்டவர் பிறகு மரத்தைத் தவறவிடுவதில்லை. பங்குனி, சித்திரையில் புதுத் தளிரோடு சிறு சிறு பூக்கள் கொத்தாக வரும். வெளிர் பச்சையில் மங்கலான சிவப்புப் படர்ந்த அந்தப் பூக்களைப் பலர் கவனிப்பதே இல்லை.

நம் பகுதியில் இது எங்கெல்லாம் வளர்கிறது?

நீண்ட வறட்சியும் அதன் பின்னே ஒரு மழைக்காலமும் உள்ள வெப்பமான நிலம்தான் இதற்கு ஏற்றது. அதனால் பொதிகையின் உச்சிச் சோலைகளில் இதைத் தேடக் கூடாது. மலையடிவாரத்து வறண்ட காடுகளிலும், அங்கிருந்து கிழக்கே செவல் மண்ணிலும், கரிசலிலும், ஓடைக்கரைகளிலும், குளத்தில் நீர் தேங்கும் உள்வாயிலும், ஊர்ப் புறம்போக்கிலும் பார்க்கலாம். பங்குனி உத்திரத்துக்குக் குடும்பத்தோடு போகும் சாஸ்தா கோயில்களை ஒட்டிய சிறு காடுகளில், சாமியின் மரம் என்று யாரும் கை வைக்காததால் வயதான விளாத்திகள் இன்னும் நிற்கின்றன. உங்கள் குலசாமி கோயிலுக்கு அடுத்த முறை போகும்போது, பொங்கல் வேகும் நேரத்தில் கோயிலைச் சுற்றி ஒரு நடை போய்ப் பாருங்கள்.

பழம் எந்த மாதத்தில் கிடைக்கும்? பிள்ளையார் சதுர்த்திக்கு வாங்கியது ஏன் புளிக்கிறது?

மரத்தில் பழம் பழுக்கும் காலம் ஏறத்தாழப் புரட்டாசிக் கடைசியில் தொடங்கிப் பங்குனி வரை நீளும். பிள்ளையார் சதுர்த்தி ஆவணியில் வந்துவிடுகிறது. ஆகவே அன்று கடைத்தெருவில் எருக்கம்பூ மாலைக்கும் கரும்புக்கும் பக்கத்தில் குவித்திருப்பதில் பெரும்பகுதி, பூசைக்காக முன்கூட்டியே பறித்த காய்தான். அதை உடைத்து வாயில் வைத்துவிட்டு, விளாம்பழம் என்றாலே புளிப்பும் துவர்ப்பும்தான் என்று வாழ்நாள் முழுதும் நம்புபவர்கள் ஏராளம். அவர்கள் கார்த்திகையிலோ மார்கழியிலோ ஒரு பழம் வாங்கிச் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

முற்றிய காயாக இருந்தால், அதை உடைக்காமல் இரண்டு வாரம் வெயில் படும் இடத்தில் வைத்திருந்தால் பழுத்துவிடும். பிஞ்சாகப் பறித்ததை என்ன செய்தாலும் பழுக்க வைக்க முடியாது.

ஓட்டுக்குள் இருப்பது காயா பழமா என்று உடைக்காமல் எப்படி அறிவது?

என் ஆச்சி அதைத் தரையில் போட்டுப் பார்ப்பாள். முழங்கால் உயரத்துக்கும் குறைவாக, ஒரு சாண் உயரத்திலிருந்து சிமெண்டுத் தரையில் பழத்தை நழுவ விட வேண்டும். “ஏல, கீழ போட்டுப் பாரு. துள்ளுச்சுன்னா காயி, உக்காந்துச்சுன்னா பழம்” என்பாள். காயில் சதை ஓட்டோடு இறுகியிருப்பதால் பந்துபோல எழும்பும். பழத்தில் சதை குழைந்து ஓட்டை விட்டு விலகியிருப்பதால் மொத்தென்று விழுந்து அங்கேயே நிற்கும். இதை அவள் யாரிடம் கற்றாளோ, இந்தச் சோதனையைத் தோட்டக்கலை நூல்களும் அப்படியே சொல்கின்றன. இதற்கு அடுத்த சோதனை மூக்கு. காம்பு இருந்த குழியில் முகர்ந்தால், பழுத்ததில் இனிப்பும் புளிப்பும் சேர்ந்த ஒரு கனத்த மணம் வரும். காதருகே வைத்துக் குலுக்கும்போது உள்ளே ஏதோ அசைவது போலிருந்தாலும் பழம்தான். ஆனால் கையில் எடை இல்லாமல் லேசாக இருந்தால் வாங்க வேண்டாம். உள்ளே வற்றியிருக்கும்.

உடைத்து உண்பது எப்படி?

கத்தி வேண்டாம். ஓடு ஏறத்தாழ அரை சென்டிமீட்டர் தடிப்பு. கத்தி வழுக்கிக் கையை வெட்டும். பழத்தை உள்ளங்கையில் பிடித்து, வாசற்படிக் கல்லின் விளிம்பில் இரண்டு தட்டு, திருப்பி இரண்டு தட்டு என்று சுற்றிவரத் தட்டினால் நடுவில் ஒரு கோடு விரியும். தேங்காயைப் போல ஓங்கி அடித்தால் ஓடு சில்லுச் சில்லாகச் சதைக்குள் குத்திக்கொள்ளும். பிறகு பல்லுக்குத்தான் கேடு. இரண்டு பாதியாகப் பிரிந்ததும், ஓட்டின் உட்புறத்தில் வெள்ளை நரம்புகள் ஒட்டியிருக்கும். சதையைக் கரண்டியால் சுரண்டும்போது அவற்றை ஒதுக்கிவிட வேண்டும்.

எங்கள் வீட்டில் ஆச்சி ஓட்டுக்குள்ளேயே வேலையை முடித்துவிடுவாள். உடன்குடிக் கருப்பட்டியை அம்மிக் குழவியால் நுணுக்கி, சதை இருக்கும் ஓட்டுக்குள்ளேயே போட்டு, ஒரு ஏலக்காயைத் தட்டிச் சேர்த்து, விரலால் குழைப்பாள். முதலில் சதை கட்டி கட்டியாக நிற்கும்; கருப்பட்டி இளகத் தொடங்கியதும் பளபளப்பாகி, ஓட்டின் சுவரை விட்டு ஒன்றாகத் திரண்டு வரும். அந்தப் பதத்தில் ஆளுக்குப் பாதி ஓடு. கிண்ணமும் கழுவ வேண்டாம், கரண்டியும் கழுவ வேண்டாம். வெள்ளைச் சர்க்கரை போட்டும் உண்ணலாம். இனிப்பு வரும், ஆனால் கருப்பட்டியின் லேசான காரலும் பழத்தின் புளிப்பும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்வது போன்ற சுவை வராது. விதைகள் சிறியவை; பழத்தோடு சேர்த்தே மென்று தின்றுவிடுகிறோம். தண்ணீரில் கரைத்து வடிகட்டி, கருப்பட்டியும் ஒரு கல் உப்பும் சேர்த்துப் பானகமாகவும் குடிக்கலாம்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். எல்லா மரத்துப் பழமும் ஒரே சுவை இல்லை. பெரிய பழமும் இனிப்பும் உள்ள வகை ஒன்று, சிறிய பழமும் கடும் புளிப்பும் உள்ள வகை ஒன்று என இரண்டு உண்டு. ஊரில் எந்த மரம் இனிப்பு என்பது ஆடு மேய்ப்பவர்களுக்குத் தெரிந்திருக்கும். விதைக்கு எடுக்கும்போது அவர்களைக் கேட்டு எடுப்பது நல்லது.

காயை வீணாக்காமல் என்ன செய்யலாம்?

துவையல் அரைக்கலாம். முற்றிய காயின் சதையைச் சுரண்டி, வறுத்த மிளகாய் வற்றல், உளுந்தம்பருப்பு, தேங்காய், உப்பு சேர்த்து அரைத்தால் கஞ்சிக்கும் தயிர்ச்சோற்றுக்கும் நன்றாக இருக்கும். அந்தத் துவையலுக்குப் புளி தேவையில்லை. ஊறுகாயும் தொக்கும் போடுகிறார்கள். தயிரில் மசித்துக் கடுகு தாளித்துப் பச்சடியாகவும் செய்யலாம். காயிலும் பழத்திலும் பெக்டின் என்ற கட்டிப்படும் பொருள் மிகுதியாக இருப்பதால், ஜாம், ஜெல்லி செய்வதற்கு வெளியிலிருந்து எதுவும் சேர்க்க வேண்டியதில்லை. இலங்கையில் இதன் பழச்சாறும் ஜாமும் புட்டியில் அடைத்துக் கடைகளில் விற்கப்படுகின்றன. இவ்வளவு பழம் விளையும் நம் நாட்டில் அது ஒரு தொழிலாக வளராதது எனக்கு வருத்தம்.

‘யானை உண்ட விளாங்கனி’ என்பது உண்மையா?

யானை முழுப் பழத்தை விழுங்கும், பிறகு சாணத்தில் ஓடு உடையாமல் வெளியே வரும், உடைத்துப் பார்த்தால் உள்ளே சதை இருக்காது என்று ஒரு நம்பிக்கை வழங்குகிறது. வெளியில் முழுமையாகத் தெரிந்து உள்ளே ஒன்றும் இல்லாமல் போனதற்கு அதை உவமையாகவும் சொல்கிறோம். யானைக்கு விளாம்பழம் மிகவும் பிடிக்கும் என்பதில் ஐயம் இல்லை. காட்டில் விழுந்த பழங்களைத் தேடித் தின்னும். ஆனால் துளையே இல்லாத ஓட்டுக்குள்ளிருந்து சதை மட்டும் கரைந்து வெளியேற வழியில்லை. யானையின் கடைவாய்ப் பற்கள் மரக்கிளையை அரைப்பவை. அவற்றுக்கு இந்த ஓடு ஒரு பொருட்டும் இல்லை.

பின் எங்கிருந்து இந்தச் சொல் வந்தது? வேழம் என்பது விளாங்காய்க்கு வரும் ஒரு நோயின் பெயர், அந்த நோய் பிடித்த காயில் ஓடு அப்படியே இருக்க உள்ளே வற்றிப்போகும், வேழம் என்றால் யானை என்றும் பொருள் இருப்பதால் கதை மாறிவிட்டது என்று ஒரு விளக்கம் சொல்லப்படுகிறது. தேரை விழுந்த தேங்காய் என்கிறோமே, அதிலும் தேரை என்பது தவளையைக் குறிக்கவில்லை. எனக்கு இந்த விளக்கமே பொருத்தமாகப் படுகிறது. மேலே சொன்ன, கையில் எடையே இல்லாத பழத்தை உடைத்துப் பார்த்தவர்களுக்கு அந்த உவமை எவ்வளவு கச்சிதமானது என்பது புரியும்: ஓட்டின் அடியில் கருகிய பொடி கொஞ்சம், நான்கு நரம்பு, அவ்வளவுதான்.

பிள்ளையாருக்கு ஏன் விளாம்பழம் படைக்கிறோம்?

பலரும் மனப்பாடமாகச் சொல்லும் வடமொழித் துதி ஒன்றில், கபித்தத்தையும் நாவலையும் விரும்பி உண்பவர் என்று அவர் போற்றப்படுகிறார். யானை முகத்தவருக்கு யானை விரும்பும் பழம் என்பது இயல்பாகவே பொருந்துகிறது. கண்ணன் கதையிலும் விளா வருகிறது. கன்றின் வடிவில் வந்த ஓர் அசுரனைப் பிடித்து, விளாமரத்தின் வடிவில் நின்ற இன்னோர் அசுரன் மேல் எறிந்து இருவரையும் வீழ்த்தினான் என்பது அந்தக் கதை.

இதில் என்ன சத்து இருக்கிறது?

நம் நாட்டு உணவு அட்டவணைகளின்படி, 100 கிராம் சதையில் ஏறத்தாழ 7 கிராம் புரதமும், 18 கிராம் மாவுச்சத்தும், 5 கிராம் நார்ச்சத்தும், 130 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்தும் உள்ளன. பழங்களில் 7 கிராம் புரதம் என்பது அரிது. இதில் விதையின் பங்கும் இருக்கும். கோடையிலும் உரமின்றி, பூச்சிமருந்தின்றி, ஒரு குடம் தண்ணீர்கூட ஊற்றாமல் இந்தச் சத்தை ஒரு மரம் ஆண்டுதோறும் தந்துகொண்டிருக்கிறது.

மருந்தாகப் பயன்படுத்தலாமா?

சித்த மருத்துவத்தில் இதன் காய், பழம், இலை, பட்டை, பிசின் எல்லாவற்றுக்கும் பயன் சொல்லப்பட்டிருக்கிறது. காயின் துவர்ப்பு கழிச்சலைக் கட்டும் என்பது வீட்டு வைத்தியத்திலும் உண்டு. ஆனால் நோய்க்கு என்று எடுத்துக்கொள்வதானால் தானாக அளவு வைத்துக்கொள்ளக் கூடாது. பாளையங்கோட்டையில் 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே போய்க் கேட்கலாம். சர்க்கரை நோய் உள்ளவர்கள், பழத்தைவிட அதில் கொட்டும் கருப்பட்டியைக் கவனிக்க வேண்டும். கருப்பட்டி என்பதால் சர்க்கரை ஏறாது என்று நினைப்பது தவறு.

பழத்தைத் தவிர வேறு பயன் உண்டா?

உண்டு. மழைக்காலம் முடிந்த பிறகு அடிமரத்திலும் கிளைகளிலும் தெளிவான பிசின் வடியும். கருவேலம்பிசினுக்குப் பதிலாகவும் அதோடு கலந்தும் இதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள்; மை, நீர்வண்ணம், சாயம் ஆகியவை செய்ய இது உதவியது. கட்டை மஞ்சள் கலந்த சாம்பல் நிறம், கனமானது, நீடித்து உழைப்பது. கலப்பை முதலிய உழவுக் கருவிகளுக்கும் செக்கு, ஆலை உருளைகளுக்கும் ஏற்றது. ஓட்டைத் தேய்த்து மெருகேற்றி மூக்குப்பொடி டப்பியாகவும், சிறு பொருள்கள் போட்டுவைக்கும் சிமிழாகவும் பயன்படுத்தினார்கள். பர்மாவில் பெண்கள் முகத்தில் பூசிக்கொள்ளும் தனக்கா என்ற குளிர்ந்த குழம்பைச் சில மரங்களின் பட்டையை நீர்விட்டு உரைத்து எடுக்கிறார்கள். அவற்றில் விளாவும் ஒன்று.

இலைகளில் பறவை எச்சம் போல ஒட்டியிருப்பது என்ன?

அவை பெரும்பாலும் புழுக்கள். எலுமிச்சைச் செடியில் முட்டையிடும் அதே கறுப்பும் மஞ்சளும் கலந்த பட்டாம்பூச்சி, எலுமிச்சை அழகி என்று இப்போது அழைக்கப்படுவது, விளா இலையிலும் முட்டையிடும். புழு சிறிதாக இருக்கும்போது கறுப்பும் வெள்ளையுமாக, பார்க்கிறவர் அருவருத்து விலகும்படி எச்சம்போலவே இருக்கும், வளர்ந்தபின் பச்சையாகிவிடும். அதைத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து இரண்டு கொம்புகளை நீட்டும், கசக்கிய இலையின் மணமும் சேர்ந்து வரும். பெரிய மரத்துக்கு இவற்றால் கேடு இல்லை. சிறு கன்றில் நாலைந்துக்கு மேல் இருந்தால் மட்டும், கையால் எடுத்து வேறொரு பெரிய மரத்தில் விட்டுவிடலாம். மருந்து அடிக்க வேண்டாம்.

விதை போட்டு வளர்ப்பது எப்படி? எத்தனை ஆண்டில் காய்க்கும்?

நன்கு பழுத்த பழத்தின் விதையைத் தண்ணீரில் பிசைந்து சதை முழுவதும் போகக் கழுவி, நிழலில் உலர்த்தி, காலம் தாழ்த்தாமல் ஊன்ற வேண்டும். சதை ஒட்டியிருந்தால் பூஞ்சை பிடிக்கும், எறும்பும் தூக்கிக்கொண்டு போகும். இரண்டு மூன்று வாரத்தில் முளைக்கும். ஓராண்டு பையில் வளர்த்து, அடுத்த வடகிழக்குப் பருவமழை தொடங்கும் ஐப்பசியில் நிலத்தில் நட்டால், நம் ஊரில் கார்த்திகை முடியும்வரை மழையே தண்ணீர் விட்டுவிடும். முதல் இரண்டு கோடைக்கு வாரம் ஒரு குடம் ஊற்றினால் போதும். மரத்துக்கு மரம் 8 முதல் 10 மீட்டர் இடைவெளி வேண்டும். ஆடு கடிக்காமல் முள்வேலி கட்டுவது தண்ணீர் விடுவதைக் காட்டிலும் முக்கியம். விளாவின் முள் ஆட்டைத் தடுக்கும் என்று நம்பிவிடக் கூடாது, தளிரை அது பொறுக்கி எடுத்துவிடும்.

விதைக்கன்று மெதுவாகத்தான் வளரும். காய்க்க 15 ஆண்டுகள்கூட ஆகலாம். அவ்வளவு காலம் காத்திருக்க முடியாதவர்கள், நல்ல மரத்திலிருந்து மொட்டுக்கட்டிய ஒட்டுக்கன்றை வாங்கி நடலாம். அது விரைவில் காய்க்கும், தாய்மரத்தின் சுவையும் மாறாது. பெரிய மரத்தைச் சுற்றி வேரிலிருந்து தானாகக் கிளம்பும் கன்றுகளையும் மண்ணோடு பெயர்த்து நடலாம்.

முன்பு நிறைய இருந்ததே, இப்போது ஏன் காணோம்?

மரம் காய்க்காமல் போகவில்லை. அது நின்ற இடம் போய்விட்டது. விளாத்தி பெரும்பாலும் பட்டா நிலத்தில் வளர்ந்ததில்லை. ஓடைக்கரை, மந்தை, குளத்து உள்வாய், சுடுகாட்டுப் பாதை என்று ஊருக்குப் பொதுவான இடங்களில், பறவையும் விலங்கும் மேய்ச்சல்காரரும் தின்று போட்ட விதையில் முளைத்தது. அந்தப் பொது இடங்களைச் சாலையும் கட்டடமும் எடுத்துக்கொண்டதில் ஒரு பகுதி போயிற்று. எஞ்சியதை, மற்ற ஊர்களில் சீமைக் கருவேலம் என்று சொல்லும் சீமை உடை அடைத்துக்கொண்டது. 15 ஆண்டு நிதானமாக வளரும் கன்று, ஆண்டுக்கு ஆளுயரம் வளரும் சீமை உடையின் நிழலில் நிமிர முடியாது.

சீமை உடையை அகற்றும் வேலை நடக்கிறதே, அதனால் நன்மைதானே என்று கேட்பார்கள். நன்மைதான், கவனமாகச் செய்தால். எங்கள் ஊர் ஓடைக்கரையில் மூன்று விளாத்திகள் இருந்தன. சில ஆண்டுகளுக்கு முன் ஓடையைச் சுத்தம் செய்ய ஒப்பந்தம் எடுத்தவர்கள் பொக்லைன் இயந்திரத்தோடு வந்தார்கள். முள் இருந்ததெல்லாம் அவர்கள் கண்ணுக்கு ஒன்றுதான். நான் வெளியூரிலிருந்து வந்து பார்த்தபோது, இரண்டு மரங்கள் சீமை உடைக் குவியலோடு சேர்ந்து கரிமூட்டத்துக்குப் போகக் காத்துக் கிடந்தன. கிளையில் முற்றாத காய்கள் அப்படியே இருந்தன. இலை வாடியிருந்தும் கசக்கியபோது மணம் வந்தது. யாரிடம் முறையிடுவது என்றுகூடத் தெரியவில்லை, ஏனென்றால் அந்த மரங்கள் யாருடைய கணக்கிலும் இல்லை. மூன்றாவது மரம் கரைமேட்டின் மறுபக்கம் இருந்ததால் தப்பியது.

புறம்போக்கில் நிற்கும் மரத்தைக் காப்பாற்ற வழி உண்டா?

மரத்தைக் கணக்கில் கொண்டுவருவதுதான் முதல் வழி. புறம்போக்கில் நிற்கும் பயன்தரும் மரங்களின் பலனை அனுபவிக்க வருவாய்த்துறை 2சி பட்டா என்ற ஒன்றை வழங்குவது உண்டு. அதைப் பற்றிக் கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்கலாம். அது கிடைக்காவிட்டாலும், மரம் நிற்கும் இடத்தின் புல எண்ணைக் குறிப்பிட்டு, இந்த ஓடையில் வேலை நடக்கும்போது இன்ன மரத்தை விட்டுவைக்க வேண்டும் என்று கிராம சபைக் கூட்டத்தில் தீர்மானமாக எழுதிவைக்கச் சொல்லலாம். வேலை தொடங்கும் முன்பே இதைச் செய்ய வேண்டும். இயந்திரம் வந்தபிறகு மனு எழுத நேரம் இருக்காது.

பாபநாசம், களக்காடு காட்டுக்குள் போய்ப் பழம் பொறுக்கலாமா?

கூடாது. களக்காடு முண்டந்துறை 1988 முதல் புலிகள் காப்பகம். தமிழ்நாட்டில் முதன்முதலாக அமைந்ததும் அதுதான். அனுமதி இல்லாமல் உள்ளே நுழைவதும், அங்கிருந்து எதையாவது எடுத்துவருவதும் வனச் சட்டத்தின்படியும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படியும் குற்றம். அங்கே விழும் பழம் அங்கே இருக்கும் யானைக்கும் குரங்குக்கும் உரியது.

என் நிலத்து வேலியோரம் தானாக ஒரு கன்று முளைத்திருக்கிறது. என்ன செய்யட்டும்?

முதலில் இலையைக் கசக்கி மணத்தைப் பார்த்து, விளாதான் என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். முளைத்த இடத்திலேயே விடுவது நல்லது. ஆணிவேர் இறங்கிய கன்றைத் தோண்டி மாற்றினால் பெரும்பாலும் பட்டுப்போகும். சுற்றி ஒரு முழ வட்டத்துக்குக் களை எடுத்து, உடைமுள்ளை வைத்து வேலி கட்டுங்கள். அடிக்கிளைகளை முதல் மூன்று ஆண்டு கழிக்க வேண்டாம். பிறகு ஒரு நல்ல கம்பைக் கன்றுக்குப் பக்கத்தில் ஊன்றி, அதன் நுனியில் சிவப்புத் துணி ஒன்றைக் கட்டிவிடுங்கள். வேலியைச் சுத்தம் செய்யும் இயந்திரத்தின் மேல் உட்கார்ந்திருப்பவர் கண்ணில் படும்படி, ஆள் உயரத்துக்கு மேலேயே அது இருக்கட்டும். துணி வெயிலில் வெளுத்துவிடும். ஆண்டுக்கு ஒரு முறை மாற்றுங்கள்.